ஊர் பேரில் ஓர் அணி... ஊரில் ஒரு மேட்ச்கூட இல்லை!

2020, டிசம்பர் 16. இலங்கையின் தென்கோடியில் இருக்கிற ஹம்பாந்தோட்டை மைதானம். லங்கா பிரீமியர் லீக்கின் முதல் இறுதிப் போட்டி. முதலில் ஆடிய அணி 188 ரன் எடுத்தது. எதிரணியான காலி கிளாடியேட்டர்ஸ் 135 ரன்னோடு நின்றுபோனது. 53 ரன் வித்தியாசத்தில் கோப்பை யாருக்கு? பிறந்து சில வாரங்களே ஆன ‘ஜாஃப்னா ஸ்டாலியன்ஸ்’ அணிக்கு. அதாவது, யாழ்ப்பாணத்துக்கு!

உலகம் முழுக்க இருக்கிற யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கு அன்றைக்குத் தீபாவளிதான். ஆனால், மைதானத்தில் கைதட்ட ஆள் இல்லை. கொரோனா காலம் என்பதால் மொத்தம் 23 ஆட்டங்களையும் அந்த ஒரே மைதானத்தில், காலி நாற்காலிகளுக்கு முன்னால் நடத்தி முடித்தார்கள். யாழ்ப்பாணம் தீவின் வட முனை. ஹம்பாந்தோட்டை தென்கரை. ஒரு ரசிகர் பஸ் ஏறிப் போய்ப் பார்க்க ஆசைப்பட்டிருந்தாலும், ஏறக்குறைய முழு இலங்கையையும் கடக்க வேண்டியிருந்திருக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அன்று யாழ்ப்பாணச் சட்டை போட்டு ஆடியவர்களில் பெரும்பாலானவர்களுக்கு யாழ்ப்பாணம் சொந்த ஊர் இல்லை. கேப்டன் திசர பெரேரா, தொடர் நாயகன் வனிந்து ஹசரங்க எல்லோரும் தெற்கே இருந்து வந்தவர்கள். இறுதிப் போட்டியின் ஆட்ட நாயகன் ஷோயப் மாலிக் பாகிஸ்தான்காரர்.

ஊரில் ஆடாத அணி, ஊர்க்காரர்கள் அதிகம் இல்லாத அணி. அப்புறம் அது எப்படி யாழ்ப்பாணத்து அணி ஆகும்? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால், கிரிக்கெட்டைத் தாண்டிச் சில விஷயங்கள் புரியும்.

பெயர் வாடகைக்கு!

முதலில், இந்த ‘ஃப்ரான்சைஸ்’ சமாசாரத்தைப் பார்த்துவிடுவோம். வீட்டில் பாட்டி கேட்டால் சொல்ல வசதியாக இருக்கும்.

நம் தெருமுனையில் பிரபலமான ஒரு பிராண்டின் பெயரில் டீக்கடை திறக்கிறார்கள் அல்லவா? பெயரும் செய்முறையும் கம்பெனியுடையவை. கடை போட்டு முதல் போடுகிறவர் வேறு ஒருவர். குறிப்பிட்ட காலத்துக்கு அந்தப் பெயரைப் பயன்படுத்திக்கொள்ளக் கட்டணம் கட்டுகிறார். டி-20 லீக்கும் இப்படித்தான். லீக் என்கிற பிராண்ட் கிரிக்கெட் வாரியத்துடையது. ‘இந்த ஊர்ப் பெயரில் அணி நடத்திக்கொள்’ என்று முதலாளிகளிடம் பணம் வாங்கிக்கொண்டு உரிமை கொடுக்கிறது. வீரர்களை ஏலத்திலோ, ‘டிராஃப்ட்’ எனப்படும் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்திலோ எடுத்துக்கொள்வார்கள். சட்டையில் விளம்பரம், லீக்கின் பொது வருமானத்தில் பங்கு, ஜெயித்தால் பரிசுப் பணம்... இதுதான் வரவு. வீரர் சம்பளம், பயிற்சியாளர் சம்பளம், உரிமைக் கட்டணம்... இது செலவு.

டீக்கடை நஷ்டத்தில் போனால் போர்டைக் கழற்றிவிடுவார்கள். கிரிக்கெட்டிலும் அதேதான். ஐ.பி.எல்லில் 2011-ல் கொச்சிக்கு ஓர் அணி வந்தது நினைவிருக்கிறதா? ‘கொச்சி டஸ்கர்ஸ் கேரளா’. ஜெயவர்த்தனே கேப்டன். முரளிதரனும் அதில் இருந்தார். ஒரே ஒரு சீசன். அதோடு சரி. ரசிகர்கள் கொடி வாங்கிவைத்த கையோடு அணி காணாமல் போனது.

ஆக, ஊர்ப் பெயர் என்பது இந்த வியாபாரத்தில் ஒரு முகவரி. அந்த முகவரிக்குள் ஊரைக் குடியேற்றுவதும் குடியேற்றாததும் நடத்துகிறவர்கள் கையில்.

இது இரண்டாவது அணி!

வடக்குக்கு முதன்முதலில் கிடைத்த ஃப்ரான்சைஸ் அணி ஸ்டாலியன்ஸ் இல்லை. போர் முடிந்து மூன்று ஆண்டுகள் கழித்து, 2012-ல் ‘ஸ்ரீலங்கா பிரீமியர் லீக்’ என்று ஒன்று நடந்தது. ஏழு அணிகள். அதில் வட மாகாணத்தின் பெயரால் ஓர் அணி இருந்தது: ‘உத்துர ருத்ராஸ்’. ‘உத்துர’ என்றால் சிங்களத்தில் வடக்கு. கேப்டன் யார் தெரியுமா? டெஸ்ட்டில் 800 விக்கெட் எடுத்த முத்தையா முரளிதரன்தான்!

கேட்கவே நன்றாக இருக்கிறது இல்லையா? ஆனால், அந்த லீக்கின் ஆட்டங்கள் கொழும்பிலும், கண்டிக்கு அருகே பல்லேகலவிலும்தான் நடந்தன. வடக்கு அணி வடக்குக்கு வரவே இல்லை. அடுத்த ஆண்டு, உரிமையாளர்கள் பணப் பொறுப்பை நிறைவேற்றவில்லை என்று போட்டியே ரத்தானது. ஒரு சீசனோடு லீக்கும் முடிந்தது, ருத்ராஸும் முடிந்தது.

எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு லங்கா பிரீமியர் லீக் வந்தது. கொழும்பு, கண்டி, காலி, தம்புள்ள, யாழ்ப்பாணம் என்று ஐந்து அணிகள். யாழ்ப்பாண அணியின் உரிமையைப் புலம்பெயர் தமிழர்கள் உள்ளிட்ட தொழில்முனைவோர் குழு ஒன்று எடுத்தது. ‘ஸ்டாலியன்ஸ்’ என்றால் ஆண் குதிரைகள். குதிரை என்றதும் யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கு நெடுந்தீவு நினைவுக்கு வரும். ஐரோப்பியர் காலத்தில் கொண்டுவந்து விடப்பட்ட குதிரைகளின் சந்ததி இன்றும் அந்தத் தீவில் கட்டில்லாமல் மேய்ந்துகொண்டிருக்கிறது.

கிரிக்கெட் அங்கே பழைய சொத்து

இங்கே ஒரு சந்தேகம் வரலாம். யாழ்ப்பாணத்துக்கும் கிரிக்கெட்டுக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய. அங்கே அதற்குப் பெயரே ‘துடுப்பாட்டம்’. பேட்ஸ்மேன், ‘துடுப்பாட்ட வீரர்’. ரன், ‘ஓட்டம்’. ஆண்டுதோறும் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் சென் ஜோன்ஸ் கல்லூரிக்கும் நடக்கும் ஆட்டத்தை ‘வடக்கின் பெருஞ்சமர்’ என்பார்கள். கல்லூரி என்றால் அங்கே பள்ளிக்கூடம். 1904-ல் தொடங்கிய போட்டி இது. போர்க்காலத்தில் நடக்காமல் போன ஆண்டுகளும் உண்டு. ஆனாலும் அறுந்துபோகவில்லை. எந்த நாட்டில் இருந்தாலும் அந்த வாரம் ஸ்கோர் விசாரிக்கும் பழைய மாணவர்கள் இருக்கிறார்கள். தாத்தா ஒரு பக்கம், மாமா எதிர்ப் பக்கம் என்று குடும்பத்துக்குள்ளேயே கட்சி பிரியும்.

இலங்கைத் தமிழர்களின் கிரிக்கெட் அதைவிடப் பழையது. கொழும்பில் இருக்கும் தமிழ் யூனியன் கிளப் 1899-ல் தொடங்கப்பட்டது. அதன் ‘பி.சரா ஓவல்’ மைதானத்தில்தான் 1982-ல் இலங்கை தனது முதல் டெஸ்ட்டை ஆடியது. மகாதேவ சதாசிவம் என்று ஒரு மேதை இருந்தார். 1947-ல் நம் சேப்பாக்கத்துக்கு வந்து, தென்னிந்திய அணிக்கு எதிராக 215 ரன் அடித்துவிட்டுப் போனவர். 1948-ல் பிராட்மேனின் ஆஸ்திரேலிய அணி கொழும்பில் ஆடியபோது, இலங்கைக்குக் கேப்டன் அவர்தான்.

ஆனால், இந்தப் பெருமைகளில் ஓர் உறுத்தல் உண்டு. தமிழ் யூனியன் இருப்பது கொழும்பில். சதாசிவம் வளர்ந்தது கொழும்பில். முரளி கண்டிக்காரர். யாழ்ப்பாணத்துத் திடலில் பந்து போட்டுக்கொண்டிருக்கும் பையனுக்கு, இவர்கள் போன பாதை கைக்கெட்டும் பாதை இல்லை.

ஏன்? இலங்கையின் பெரிய கிரிக்கெட் கிளப்கள் கொழும்பையும் அதைச் சுற்றியும்தான் இருக்கின்றன. தேர்வாளர்கள் கண் அங்கேதான். திறமை இருக்கிற பையன் ஊரைவிட்டுக் கொழும்புக்குப் போக வேண்டும். தங்க இடம், சாப்பாடு, மட்டை, காலணி, மொழி... எல்லாம் தனித்தனிச் சுவர்கள். அதற்கு மேல் 2009 வரை நீடித்த போர். ஷெல் விழும் ஊரில் எந்த அப்பா, அம்மா பிள்ளையை மாலை நெட் பயிற்சிக்கு அனுப்புவார்கள்? ஒரு தலைமுறையே மைதானத்தைத் தொலைத்தது. போர் முடிந்து பாதை திறந்த பிறகும், கொழும்பு தூரம்தான்.

இந்த இடத்தில்தான் ஒரு ஃப்ரான்சைஸ் அணிக்கு உண்மையான வேலை இருக்கிறது. அது அந்தப் பையனுக்கும் பெரிய கிரிக்கெட்டுக்கும் நடுவே ஒரு படிக்கட்டு போடலாம். போடுமா என்பதுதான் கேள்வி.

ஒரு பையன் ஏறினான்

2020-ல் ஸ்டாலியன்ஸ் அணிப் பட்டியலில் யாழ்ப்பாணத்து இளைஞர்கள் சிலருக்கு இடம் கொடுத்தார்கள். அதில் ஒருவர், மத்திய கல்லூரியில் படித்த லெக் ஸ்பின்னர் விஜயகாந்த் வியாஸ்காந்த். (ஆமாம், பெயரின் முன்பாதி நம் ‘கேப்டன்’ பெயரேதான்!)

அந்த டிசம்பரில், தனது 19-வது பிறந்தநாளை ஒட்டி, அவர் களமிறக்கப்பட்டார். எதிரே கொழும்பு கிங்ஸ். அவருக்குக் கிடைத்த முதல் விக்கெட் யாருடையது? இலங்கை அணியின் முன்னாள் கேப்டன் ஏஞ்சலோ மேத்யூஸ்! அதுவரை டி.வி-யில் மட்டுமே பார்த்திருந்த ஒருவரை, சொந்த ஊர்ப் பெயர் போட்ட சட்டையோடு அவுட் ஆக்கினார் அந்தப் பையன்.

கோப்பை ஜெயித்ததைவிட இது பெரிய செய்தி என்பேன். கோப்பை ஓர் இரவு. இது, ‘இப்படியும் நடக்கும்’ என்று ஊரில் இருக்கும் அத்தனை பையன்களுக்கும் போன தந்தி.

அதற்குப் பிறகு அவர் போன தூரத்தைப் பாருங்கள். 2023-ல் சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் இலங்கைக்காக ஆடினார். ஐக்கிய அரபு எமிரேட்ஸ் லீக்கில் எம்.ஐ எமிரேட்ஸ் அணியில் ஆடினார். 2024-ல் ஐ.பி.எல்! காயம்பட்ட ஹசரங்கவுக்குப் பதிலாக, 50 லட்ச ரூபாய்க்கு சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அவரை எடுத்தது. 2020-ல் ஒரே அணியில், மூத்த லெக் ஸ்பின்னராக இருந்தவர் ஹசரங்க. நான்கே ஆண்டுகளில் அவருடைய இடத்துக்கே அந்த இளையவர். சன்ரைசர்ஸில் சுழற்பந்து வீச்சாளர்களுக்கு வழிகாட்டியாக அங்கே இருந்தவர் முரளிதரன்.

மே 8-ம் தேதி லக்னோவுக்கு எதிராக முதல் ஐ.பி.எல் ஆட்டம். 4 ஓவரில் 27 ரன். விக்கெட் இல்லை. அன்றைக்கு ஹெட்டும் அபிஷேக் சர்மாவும் 166 ரன் இலக்கை 9.4 ஓவரில் அடித்து நொறுக்கியதால், பந்துவீச்சை யாரும் பேசவில்லை. ஆனால், ரன் மழை பொழிந்த அந்த சீசனில் ஓவருக்கு ஏழு ரன்கூடக் கொடுக்காமல் முடித்தது லேசான காரியம் இல்லை.

அந்த ஸ்டாலியன்ஸ் அணி பிறக்காமல் இருந்திருந்தால், இந்தப் பயணம் நடந்திருக்குமா? நடந்திருக்கலாம். திறமை எப்படியும் வழி தேடும். ஆனால் எவ்வளவு தாமதமாக, எவ்வளவு பேர் வழியிலேயே களைத்துத் திரும்பிய பிறகு!

நான்கு கோப்பை... ஒரு கடிதம்

2021-ல் அணியின் உரிமை கைமாறியது. வாங்கியது, ‘2.0’, ‘பொன்னியின் செல்வன்’ படங்களைத் தயாரித்த அதே லைக்கா. நம் டி.என்.பி.எல்லில் ‘லைக்கா கோவை கிங்ஸ்’ நடத்துகிறார்களே, அவர்களேதான். யாழ்ப்பாணக் குதிரைகள் ‘ஜாஃப்னா கிங்ஸ்’ ஆனார்கள். ஒரே ஆண்டில் சட்டையும் சின்னமும் மாறின. குழந்தைக்குக் குதிரைச் சின்னம் போட்ட சட்டை வாங்கிக் கொடுத்தவர்கள் பாவம்!

வெற்றிகள் மட்டும் மாறவில்லை. 2021-ல் மறுபடியும் காலியை வீழ்த்திக் கோப்பை. 2022-ல் பொருளாதார நெருக்கடியில் நாடே தவித்து, தள்ளிவைக்கப்பட்டு டிசம்பரில் நடந்த போட்டியிலும் கோப்பை. 2023-ல் மட்டும் கண்டி தட்டிச் சென்றது. 2024 இறுதிப் போட்டியில் காலி மார்வெல்ஸ் 184 ரன் எடுக்க, ரைலி ரூசோ சதமடித்து 15.4 ஓவரிலேயே ஆட்டத்தை முடித்தார். நான்காவது கோப்பை. ஐந்து சீசனில் நான்கு! சென்னை, மும்பை அணிகள்கூட இப்படித் தொடங்கவில்லை.

அப்புறம்? 2025-ல், ஒப்பந்தக் கடமைகளை நிறைவேற்றவில்லை என்று சொல்லி, ஜாஃப்னா கிங்ஸ், கொழும்பு ஸ்ட்ரைக்கர்ஸ் ஆகிய இரண்டு அணிகளின் உரிமையையும் ரத்து செய்தார்கள். நான்கு கோப்பைகள் ஒரு பக்கம், ஒரு கடிதம் இன்னொரு பக்கம். கடிதம் ஜெயித்தது.

யாழ்ப்பாணத்துக்கு மட்டும் நடந்ததில்லை இது. தம்புள்ள அணி வைக்கிங், ஜயன்ட்ஸ், ஆரா, தண்டர்ஸ், சிக்ஸர்ஸ் என்று ஐந்து பெயர் பார்த்துவிட்டது. அதில் ‘தண்டர்ஸ்’ ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. 2024-ல் சூதாட்டப் புகாரில் உரிமையாளர் கைதாக, போட்டி தொடங்கும் முன்பே அந்த உரிமை ரத்தாகி, அவசர அவசரமாக ‘சிக்ஸர்ஸ்’ ஆனது. கொழும்பு ‘கிங்ஸ்’, ‘ஸ்டார்ஸ்’, ‘ஸ்ட்ரைக்கர்ஸ்’ ஆனது. வீட்டுக்கு வாடகைதாரர் மாறும் வேகத்தில் அணிகளுக்குப் பெயர் மாறினால், ரசிகர் எதன்மீது பாசம் வைப்பார்?

இதில் ஒரு நல்ல பக்கத்தையும் சொல்ல வேண்டும். போர் முடிந்த பதினோராவது ஆண்டில், திசர பெரேரா என்கிற சிங்கள வீரர் யாழ்ப்பாணத்தின் பெயரை நெஞ்சில் போட்டுக்கொண்டு கோப்பையைத் தூக்கினார். அவர் ஜெயிக்க வேண்டும் என்று யாழ்ப்பாணத்துத் தமிழ் வீடுகள் வேண்டிக்கொண்டன. மேடையில் நல்லிணக்கம் பேசிய எத்தனையோ பேரால் முடியாததை, ஒரு சட்டை மூன்று மணி நேரத்துக்காவது செய்தது. இதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம்.

ஆனால், அதுவே போதும் என்றும் இருந்துவிடக் கூடாது. ஐந்து சீசனில் ஓர் ஆட்டம்கூட யாழ்ப்பாணத்தில் நடக்கவில்லை. ‘சர்வதேசத் தரத்தில் மைதானம் இல்லை’ என்பது காரணம். உண்மைதான். நகரில் இருக்கும் துரையப்பா விளையாட்டரங்கம் இந்திய உதவியோடு புதுப்பிக்கப்பட்டு 2016-ல் திறக்கப்பட்டது. ஆனால், இரவு நேர டி-20 நடத்தும் கிரிக்கெட் மைதானம் அது இல்லை. யாழ் நகரை ஒட்டிய மண்டைதீவில் சர்வதேச கிரிக்கெட் மைதானத்துக்கு 2025 செப்டம்பரில் அதிபர் அநுர குமார திசாநாயக்க அடிக்கல் நாட்டியிருக்கிறார். அது எழும்பி, அங்கே முதல் பந்து விழும் நாள் நிஜமாகவே ஒரு திருநாள்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை

மைதானம் வரும்போது வரட்டும். அதற்கு முன்பே செய்யக்கூடியவை இருக்கின்றன. யாழ்ப்பாணத்தின் பெயரை இனி யார் வாங்கினாலும், வாரியம் அவர்களிடம் கேட்க வேண்டியவை இவை.

ஒன்று, ஊர்ப் பிள்ளைகளுக்கு இடம். 2008-ல் ஐ.பி.எல் தொடங்கியபோது, ஒவ்வோர் அணியும் தன் வட்டார வீரர்களையும் 22 வயதுக்கு உட்பட்ட நான்கு பேரையும் எடுக்க வேண்டும் என்று விதி வைத்திருந்தார்கள். புது அணிகள் ஊரில் வேர் பிடிக்கத்தான் அந்த ஏற்பாடு. லங்கா லீக்கும் அப்படி ஒரு விதி வைக்கலாம். அதுவும், 20 பேர் பட்டியலில் இல்லை, களமிறங்கும் 11 பேரில். தண்ணீர் பாட்டில் தூக்கிக்கொண்டு போனாலும் அனுபவம்தான் என்பார்கள். ஆனால், மேத்யூஸ் விக்கெட்டை பெஞ்சில் உட்கார்ந்து எடுக்க முடியாது.

இரண்டு, பயிற்சி முகாம். சீசனுக்கு முன்பு ஒரு வாரம் முழு அணியும் யாழ்ப்பாணத்தில் தங்கட்டும். மத்திய கல்லூரி மைதானத்தில் நெட் போடட்டும். உள்ளூர்ப் பையன்கள் வெளிநாட்டு வீரர்களுக்குப் பந்து போடட்டும். பெரிய மைதானமும் மின்விளக்குக் கோபுரங்களும் இதற்குத் தேவையில்லை. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் என்று வடக்கின் ஐந்து மாவட்டப் பள்ளிகளிலிருந்தும் பையன்கள் வந்து நின்றால், யாரிடம் சரக்கு இருக்கிறது என்று தேர்வாளர்களுக்கு ஒரே வாரத்தில் தெரிந்துவிடும்.

மூன்று, தொடர்ச்சி. உரிமையாளர் மாறலாம். ஆனால் அணியின் பெயர், நிறம், சின்னம் மூன்றும் ஊருக்குச் சொந்தம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவைக்கலாம். வருகிறவர் அதை ஏற்று நடத்தட்டும், போகும்போது அப்படியே விட்டுவிட்டுப் போகட்டும். கோயில் நிர்வாகம் மாறினால் சாமி பெயரையா மாற்றுகிறோம்?

நான்கு, பெண் பிள்ளைகள். யாழ்ப்பாணப் பள்ளிகளில் பெண்களும் மட்டை பிடிக்கிறார்கள். ஊர்ப் பெயரில் பணம் பார்க்கும் அணி, அதில் ஒரு பங்கை அவர்களுடைய பயிற்சிக்கும் ஒதுக்கட்டும்.

இவற்றில் எதுவும் கோடிக்கணக்கில் விழுங்கும் வேலை இல்லை. ஒரு வெளிநாட்டு நட்சத்திரத்துக்குக் கொடுக்கும் சம்பளத்தில் பாதியை எடுத்துவைத்தாலே நிறைய செய்யலாம். உரிமையாளருக்கும் லாபம்தான். ஊர்ப் பையன் ஆடும் அணியை ஊர் கைவிடாது. தோற்றாலும் கைவிடாது.

ஸ்டாலியன்ஸ் இப்போது இல்லை. கிங்ஸின் உரிமை ரத்தாகிவிட்டது. ருத்ராஸை நினைவு வைத்திருப்பவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். ஆனால், வியாஸ்காந்த் இருக்கிறார். இந்த 13 ஆண்டு ஃப்ரான்சைஸ் கணக்கில் வடக்குக்குக் கையில் மிஞ்சிய வரவு அதுதான். ஒரு வரவுக்கே இவ்வளவு சந்தோஷம் என்றால், பத்துப் பேர் வந்தால் எப்படி இருக்கும்!

நீங்கள் போனில் ஸ்கோர் பார்க்கிறவர்தானே? லங்கா லீக் அடுத்து நடக்கும்போது, ‘ஜாஃப்னா’ என்ற பெயர் எந்த வால் ஒட்டிக்கொண்டு வந்தாலும், எத்தனை ரன் என்று பார்ப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். விளையாடும் 11 பேர் பட்டியலைத் தொட்டுத் திறந்து, அதில் அந்த ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். அந்த எண்ணிக்கை கூடினால்தான் அந்த அணி ஜெயிக்கிறது என்று அர்த்தம்.